மண்டபம் பிடித்தாயிற்று, இனிச் சாதிக்க வேண்டியதுதான்

பந்து நேராக ஷார்ட்ஸ்டாப்பிடமே உருண்டு போனது. பேஸ்பாலில் இரண்டாம் மூலைக்கும் மூன்றாம் மூலைக்கும் நடுவில் நிற்கிற ஆள்தான் ஷார்ட்ஸ்டாப். பந்தில் வேகமும் இல்லை, துள்ளலும் இல்லை. அந்தப் பையன் குனிந்தான், கையுறைக்குள் வாங்கினான், நிமிர்ந்தான். அப்புறம் என்ன நினைத்தானோ, பந்து நழுவி அவன் காலடியிலேயே விழுந்தது. அவன் தேடி எடுத்து எறிவதற்குள் நிமலன் ஓடி முதல் மூலையை மிதித்துவிட்டான்.

மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் ஸ்கோர் பலகையைப் பார்த்தார்கள். ஹிட் என்று வருமா, எரர் என்று வருமா? அதைச் சொல்ல வேண்டியவள் நான்.

ஸ்கோரர் அறை என்று பெயர்தான் பெரிது. தகரக் கூரை போட்ட ஒரு பெட்டி. சிட்னியின் ஜனவரி வெயிலில் உள்ளே இருந்த மின்விசிறி சூட்டைத்தான் அள்ளி வீசியது. சன்ஸ்கிரீன் வாசனை, கீழே சாசேஜ் கடையில் வதங்கும் வெங்காய வாசனை, இரண்டுக்கும் மேலாக என் மேசையில் ஒரு தட்டு உளுந்து வடை. ஹோம்புஷ் கடையிலிருந்து சுடச்சுட வந்தது. கொண்டுவந்தவர் சிவபாலன் அங்கிள், எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். எழுபது தாண்டியவர். ஐம்பது தாண்டிய நானும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிட வேண்டும், இந்த ஊர் வழக்கம் அப்படி.

அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு சொன்னார்.

"ஹிட் தானே பிள்ளை?"

கேள்வி மாதிரி இல்லை அது. வடையைச் சாப்பிடச் சொல்வது மாதிரி இருந்தது.

பென்சில் பிடித்த கதை

அவரை அப்படியே நிற்க வைத்துவிட்டு, நான் எப்படி அந்தப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். திருச்சிக்காரிக்கு பேஸ்பாலில் என்ன வேலை என்று பத்திரிகையில் இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர் ஏற்கனவே கேட்டாயிற்று. நியாயமான கேள்விதான்.

எல்லாம் என் மகனால் வந்தது. லிட்கமில் குடியிருந்தபோது சின்னப் பிள்ளைகளுக்கான பேஸ்பாலில் அவனைச் சேர்த்துவிட்டோம். பெற்றோர் முறை வைத்து ஸ்கோர் எழுத வேண்டும். முறை வருகிற அன்று பார்த்தால் ஒருவருக்குத் தலைவலி, ஒருவருக்குக் கார் பழுது, ஒருவருக்கு மாமியார் விமானத்தில் வந்து இறங்குகிறார். கடைசியில் பென்சில் என் கைக்கே வந்து சேரும். மகன் இரண்டே கோடையில் விளையாட்டை விட்டுவிட்டான். நான் மாட்டிக்கொண்டேன்.

வார நாட்களில் வெஸ்ட்மீட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எண்களோடு மாரடிக்கிறேன். கோடைக்கால சனி, ஞாயிறுகளில் கூலி வாங்கி ஆடுகிறவர்களின் லீகில் அதிகாரபூர்வ ஸ்கோரர். பரீட்சை எழுதித்தான் இந்த வேலைக்கு வந்தேன், யார் காலையும் பிடித்து வரவில்லை.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த விளையாட்டில் ஒரு விஷயம் மண்டையில் ஏறவே ஏறாது. கிரிக்கெட்டில் பந்தைத் தடுக்கிறவன் கோட்டை விட்டாலும் ரன் மட்டையாளன் கணக்கில்தான் சேரும். பேஸ்பாலில் அப்படி இல்லை. சாதாரணமாகப் பிடித்து எறிந்திருக்க வேண்டிய பந்தை ஒருவன் தவறவிட்டால் பழி அவன் பேரில் எழுதப்படும். அதற்கு எரர் என்று பெயர். அடித்தவன் ஓடி மூலையைத் தொட்டிருந்தாலும் அவனுக்கு ஹிட், அதாவது அடித்துச் சம்பாதித்த பெருமை, கிடையாது. அவுட்டா இல்லையா என்பதை நடுவர் சொல்வார். ஹிட்டா எரரா என்பதை ஸ்கோரர் சொல்ல வேண்டும்.

தினமும் ஒன்று

இப்போது "தொடர் ஹிட்" சாதனை என்கிற கூத்துக்கு வருகிறேன்.

ஒரு ஆட்டக்காரர் ஆடுகிற ஒவ்வொரு மேட்சிலும் குறைந்தது ஒரு ஹிட் அடித்துக்கொண்டே போக வேண்டும். எந்த மேட்சில் அடிக்கவில்லையோ அன்றோடு தொடர் முடிந்தது. அவ்வளவுதான் சாதனை. பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் விடாமல் வந்ததற்குக் கொடுப்பார்களே ஒரு சோப்பு டப்பா, அந்த ரகம்.

ஒரே நாளில் நாலு ஹிட் அடித்து மேட்சை ஜெயித்துக் கொடுத்துவிட்டு மறுநாள் சும்மா போகிறவன் அணிக்கு உபயோகமானவன். அவனை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. தினமும் ஒன்றே ஒன்றைத் தட்டிவிட்டு, அணி தோற்றாலும் தன் தொடரைக் காப்பாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவனுக்குத்தான் மாலை. அமெரிக்காவில் என் அப்பா காலத்தில் ஒருவர் ஏறக்குறைய இரண்டு மாதம் இப்படி விடாமல் அடித்தாராம். இன்றுவரை யாரும் அதை எட்டவில்லை. அதைப் பற்றிப் பேசும்போது பேரன் பேத்தி எடுத்த ஆண்களுக்குக் கண் கலங்குவதை நானே பார்த்திருக்கிறேன். அந்தச் சாதனையிலேயே ஓரிரண்டு நாள் ஸ்கோரர் பார்த்துப் போட்ட பிச்சை என்று அங்கே இன்னும் சண்டை ஓயவில்லை. அதை மட்டும் கண் கலங்கிக்கொண்டு யாரும் சொல்லக் காணோம்.

எங்கள் லீகின் சாதனை அதில் பாதிகூட இல்லை. ஆனாலும் சாதனை என்ற சொல் காதில் விழுந்தால் போதும், நம் ஆட்களுக்கு இருப்புக் கொள்ளாது.

எங்கட பிள்ளை

நிமலன் கௌரியின் மகன். கௌரி நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரி வளாகத்திலேயே நர்ஸ். யாழ்ப்பாணத்துக்காரி. கைக்குழந்தையோடு தனியாக இங்கே வந்து, அகதி மனு, விசா, படிப்பு என்று ஒவ்வொன்றாக ஏறி வந்தவள். மத்தியானம் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுவோம்.

நிமலன் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு பேஸ்பால் ஆடப் போனபோது சங்கத்தில் என்ன பேச்சு பேசினார்கள் என்பது எனக்குத் தெரியும். டாக்டருக்குப் படிக்காத பிள்ளை, தடி விளையாட்டுக்குப் போன பிள்ளை. பொங்கல் விழாவில் கௌரியைப் பார்த்தால், "பெடியன் இப்ப என்ன செய்யிறான்?" என்று கேட்பார்கள். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் பாயசத்துக்குப் போயிருப்பார். இத்தனை வருடத்தில் அவள் கடைசி வரிசைக் கதிரையைத் தாண்டி முன்னால் வந்து நான் பார்த்ததில்லை.

இந்தக் கோடையில் நிமலனின் தொடர் நீண்டுகொண்டே போனது. ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் அவன் படம் வந்தது. அவ்வளவுதான், தடி விளையாட்டுப் பெடியன் ராத்திரியோடு ராத்திரியாக "எங்கட பிள்ளை" ஆகிவிட்டான். சிவபாலன் அங்கிள் கௌரி வீட்டுக்கே போய், கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார். அவர் அந்த வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கௌரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாயில் வைக்கவில்லை.

"அக்கா, அவன்ர இடக்கை சரியில்லை."

"என்ன ஆச்சு?"

"கிறிஸ்மஸுக்கு முந்தி ஒரு நாள் அடிக்கேக்க மணிக்கட்டுக்குக் கீழ ஏதோ நொறுங்கினது மாதிரி இருந்ததாம். டேப் சுத்திக்கொண்டு ஆடுறான். தேத்தண்ணிக் கோப்பையை அந்தக் கையால தூக்கேலாமக் கிடக்கு. நான் பாக்காத நேரமாப் பாத்து மற்றக் கைக்கு மாத்துறான்."

"நீ நர்ஸ்தானே? எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

"காட்டினா ஆட வேண்டாம் எண்டு சொல்லுவினம். தொடர் போயிடுமே."

அப்போதுதான் எனக்கு விஷயமே விளங்கியது. இவர்கள் எல்லோரும் ஒரு மேட்சில் ஆடாமல் உட்கார்ந்தாலே தொடர் அறுந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விதி அப்படிச் சொல்லவே இல்லை. அவன் இறங்கி ஆடிய மேட்சுகளை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். ஒரு மாதம் வீட்டில் படுத்துக் கிடந்து கையைக் குணப்படுத்திக்கொண்டு வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிப்ரவரியில் ஓர் அமெரிக்க கிளப் அவனைப் பரிசோதித்துப் பார்க்கக் கூப்பிட்டிருந்தது. பிழைப்பே அந்தக் கையில் இருக்கிறது. கௌரியிடம் இதை வரி வரியாக விளக்கினேன். அவள் முகம் தெளிந்தது. சோற்றையும் சாப்பிட்டாள்.

அந்த வாரமே மைதானத்தில் நிமலனைப் பிடித்து அவனுக்கும் சொன்னேன். இருபத்து நாலு வயது, ஆறடி உயரம், அம்மாவின் அதே கண்கள்.

"ஐ நோ, அன்ரி. பட் த ஹால்ஸ் புக்ட்."

மண்டபம் புக் பண்ணியாயிற்றாம்.

லிட்கம் மண்டபம்

சிட்னியில் வாழாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். இங்கே கல்யாணமோ அரங்கேற்றமோ, முதலில் மண்டபம்தான். நாள், நட்சத்திரம், மாப்பிள்ளை எல்லாம் அதற்குப் பிறகு. நல்ல மண்டபங்கள் மாதக்கணக்கில் முன்கூட்டியே போய்விடும். யாரோ கைவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை லிட்கமில் கிடைத்ததும் அங்கிள் பாய்ந்து பிடித்துவிட்டார். அப்புறம் உட்கார்ந்து மேட்சுகளை எண்ணிப் பார்த்தார். நிமலன் ஒரு மேட்ச்கூட விடாமல் ஆடி, ஒவ்வொன்றிலும் அடித்தால், அந்த ஞாயிறு பகலில் லீகின் பழைய சாதனை உடையும். மாலையில் விழா. அழைப்பிதழில் "சாதனை வீரன்" என்று அச்சடித்தாயிற்று. இனி அவன் சாதிக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

ஓய்வு எடுத்தால் தொடர் போகாது என்று நான் சொன்னதை கௌரி அவரிடம் போய்ச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டாராம்.

"அது சரி பிள்ளை. அப்ப விழா?"

ஈஸ்டர் தாண்டும்வரை வேறு மண்டபம் இல்லையாம். எம்.பி. வேறு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறாராம். "வாற ஞாயிறு மட்டும்தானே, பெடியன் சமாளிப்பான்" என்று அவரே மருத்துவத் தீர்ப்பும் வழங்கிவிட்டார். வாழ்நாளெல்லாம் பாலம் கட்டிய என்ஜினீயர். பாலத்தில் இப்படி ஒரு விரிசல் இருந்தால் லாரியை ஏற்றியிருப்பாரா என்று கேட்கத்தான் நாக்கு துடித்தது.

சனிக்கிழமை கௌரி எனக்கு போன் செய்தாள்.

"அக்கா, நாளைக்கு எரர் மாதிரி ஏதும் வந்தா எரர் எண்டே போட்டுவிடுங்கோ. ரெண்டுங்கெட்டானா வந்தாலும் எரர் எண்டு போடுங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எரர் வந்தா எரர், ஹிட் வந்தா ஹிட். அதுல உனக்கு ஒரு மாதிரி, அங்கிளுக்கு ஒரு மாதிரி எழுத மாட்டேன். உன் பிள்ளையை நிறுத்தணும்னா நீ நிறுத்து."

"நான் நிப்பாட்டினா, பெத்த தாயே பிள்ளையின்ர பேரைக் கெடுத்தவள் எண்டு சனம் கதைக்கும். நீங்கள் எழுதினா அது விளையாட்டு விதி." பிறகு, "கார்டில என்ர பேரும் போட்டிருக்கினம் அக்கா. முதல் வரிசையில இருக்கச் சொல்லியிருக்கினம்" என்றாள்.

அதற்கு மேல் அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த அழைப்பிதழை அடித்தவர்களைத்தான் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

எரர்

வடையும் தலைவரும் காத்திருக்கிறார்கள். வாருங்கள், மைதானத்துக்குத் திரும்புவோம்.

அன்று வழக்கமான சொற்பக் கூட்டத்தோடு இரண்டு பஸ் நிறையத் தமிழர்கள் வந்திருந்தார்கள். மத்தளம்கூட இருந்தது. "மொத்தம் எத்தனை ஓவர்?" என்று ஒருவர் என்னிடமே வந்து கேட்டார். இன்னொருவர் தேநீர் இடைவேளை எப்போது என்றார். நிமலன் முதல் மூன்று முறையும் ஒன்றும் அடிக்கவில்லை. மட்டையைச் சுழற்றும்போதெல்லாம் கடைசி நொடியில் இடக்கை பிடியை விட்டுவிட்டது. எனக்கு அது தெரிந்தது, எதிரணிக்கும் தெரிந்தது. மத்தளக்காரருக்குத் தெரியவில்லை. நான்காவது முறைதான் அந்த உருண்டோடிய பந்து. அவனுக்கு அன்று அதுதான் கடைசி வாய்ப்பு.

"ஹிட் தானே பிள்ளை?" என்றார் அங்கிள் மறுபடியும்.

"இல்லை அங்கிள். கையுறைக்குள்ள வந்த பந்து அது. பிடிச்சு எறிஞ்சிருந்தா அவுட்."

"மிஸ்ஃபீல்ட் பண்ணினா ரன் பட்ஸ்மனுக்குத்தானே?"

"அது கிரிக்கெட்."

"எல்லாம் பந்தும் தடியும்தானே?"

மைக்கை எடுத்தேன், ஷார்ட்ஸ்டாப் பேரில் எரர் என்று அறிவித்தேன். பலகையில் விழுந்தது. தொடர் முடிந்தது. பழைய சாதனையோடு சமமாக நின்றது, தாண்டவில்லை.

கூட்டத்திலிருந்து ஊளை கேட்டது. "இந்திய ஆக்கள் இப்பிடித்தான்" என்று ஒரு குரல் எனக்குக் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னது. அங்கிள் மேசையிலிருந்த வடைத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் ஒன்றே ஒன்றுதான் சாப்பிட்டிருந்தேன்.

போனில் கௌரியின் செய்தி வந்தது. "நன்றி அக்கா." கூடவே மூன்று கும்பிடு. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அங்கிளைவிட அவள் மேல் அதிகக் கோபம் வந்தது. கண்ணால் கண்டதை எழுதினேன். சங்கத்துக்கு அது துரோகமாம், சிநேகிதிக்கு அது உதவியாம். சரியாக எழுதினாய் என்று சும்மா சொல்ல ஒரு ஆள் இல்லை.

பொன்னாடை

விழாவுக்குப் போவதாகவே இல்லை நான். மாலை ஆறு மணிக்கு கௌரி மறுபடி அழைத்தாள். காலையில் அவளை மைதானத்துக்கு ஏற்றிப் போன சங்கத்தின் கார் இப்போது வரவில்லை. சாதனை இல்லையென்றால் காரும் இல்லை போலும். என் காரை எடுத்துக்கொண்டு போனேன். பட்டுச் சேலையில் வாசலில் நின்றாள். பாவம், நன்றாகத்தான் இருந்தாள்.

வழி முழுக்க லேசாகப் பேசிக்கொண்டு வந்தாள். "நாளைக்குக் காலம்பறவே ஸ்கேனுக்குச் சொல்லி வச்சிட்டன் அக்கா. இனி ஆருக்கும் ஒண்டும் சொல்லேலாது." நிமலன் மைதானத்திலிருந்து நேரே மண்டபத்துக்கு வந்துவிட்டிருந்தான்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள், எம்.பி. வணக்கம் என்ற ஒரு சொல்லை உருப்போட்டுச் சொன்னார், சின்னப் பிள்ளைகள் ஆடினார்கள். பிறகு அங்கிள் மைக்கைப் பிடித்தார். முகத்தில் பகலில் பார்த்த கடுப்பு இல்லை.

"அன்பான உறவுகளே, ஒரு நல்ல செய்தி. பெடியன்ர கிளப் அப்பீல் செய்தது. லீக் மேலிடம் வீடியோவைப் பாத்து அதை ஹிட் எண்டு மாத்திப்போட்டுது. சாதனை எங்கட பிள்ளைக்குத்தான்."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மேலிடத்துக்கு அந்த உரிமை உண்டு, மறுக்கவில்லை. பத்திரிகையில் நாலு வரி வரும், அடுத்த மேட்சுக்கு இரண்டு பஸ் கூடுதலாக வரும், அதையெல்லாம் வீடியோ எந்தக் கோணத்திலிருந்து காட்டியதோ தெரியவில்லை. சுற்றியிருந்தவர்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அங்கிள் அதோடு நிறுத்தவில்லை. "தொடர் முடியேல்லை, தொடருது. வியாழக்கிழமை மெல்போர்னில அடுத்த மேட்ச். அங்கையும் எங்கட சனம் மண்டபம் பிடிச்சிட்டினம்."

கௌரி முதல் வரிசையில் இருந்தாள். அவள் தலை லேசாகக் குனிவதைப் பார்த்தேன்.

நிமலனை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். கண்ணாடியில் செய்த ஒரு கனத்த கேடயத்தைக் கொடுத்தார்கள். அவன் வலக்கையால் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான். படம் எடுக்க வேண்டுமே. அங்கிள் அவனுடைய இடக்கையை எட்டிப் பிடித்து, வெற்றி வெற்றி என்று மேலே தூக்கினார்.

அவன் வாயிலிருந்து வந்த சத்தம் மைக்கில் விழுந்து மண்டபம் முழுக்கக் கேட்டது. சின்னச் சத்தம்தான். உடனே சிரித்துச் சமாளித்தான்.

கௌரி எழுந்தாள். பட்டுச் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி மேடைக்குப் போனாள். மகன் தோளிலிருந்து பொன்னாடையை உருவினாள். ஏதோ ஆசி வழங்கப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் அதைக் குறுக்காக மடித்து, அவன் முழங்கைக்கு அடியில் கொடுத்து, கையை நெஞ்சுக்கு மேலே ஏற்றி, கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டாள். ஆஸ்பத்திரியில் கை முறிந்து வருகிறவர்களுக்குக் கட்டுகிற அதே தூளி. கண் இமைக்கிற நேரத்தில் கட்டி முடித்துவிட்டாள்.

சனம் கைதட்டியது. "தாயின் ஆசீர்வாதம்" என்று அங்கிள் மைக்கில் விளக்கமும் கொடுத்தார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

கௌரி அவர் பக்கம் திரும்பினாள். மைக் இன்னும் திறந்துதான் இருந்தது.

"வியாழக்கிழமை இவன் ஆடமாட்டான் அண்ணை."

"என்ன பிள்ளை இப்பிடிச் சொல்லுறீர்? மெல்போர்ன் ஆக்களுக்கு நான் என்ன சொல்லுறது?"

"என்ர பேரைச் சொல்லுங்கோ."

அங்கிளின் கை தானாக மைக்கின் பொத்தானைத் தேடியது. கௌரி மகனை வலக்கைப் பக்கமாகப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டி வந்தாள். கேடயம் மேடையிலேயே கிடந்தது. என் முன்னால் வந்து நின்று, "அக்கா, காரை எடுங்கோ" என்றாள்.

வெஸ்ட்மீட்டுக்கு

பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீட்டி முழக்க அதில் ஒன்றும் இல்லை. சுண்டுவிரல் பக்கம், உள்ளங்கையின் அடியில், கொக்கி மாதிரி ஒரு சிறிய எலும்பு இருக்கிறதாம். மட்டையின் அடிமுனை இடித்து இடித்து அது முறிந்து கிடந்தது. முதலிலேயே ஓய்வு கொடுத்திருந்தால் கட்டுப் போட்டு ஆற்றியிருக்கலாமாம். அறுவை சிகிச்சை செய்து முறிந்த துண்டை எடுத்தார்கள். பிப்ரவரியில் அமெரிக்கா போகவில்லை. மறு வருடம் அந்த அமெரிக்க கிளப் கூப்பிடவும் இல்லை. சங்கத்தின் மலரில் தூளி கட்டிய படம் அட்டையிலேயே வந்தது, தாய் பொன்னாடை அணிவிக்கிறார் என்று கீழே எழுதி. அங்கிள் அதற்குப் பிறகு கௌரி வீட்டுக்குப் போனதாக எனக்குத் தகவல் இல்லை.

அன்று மாலை காரை நேரே வெஸ்ட்மீட்டுக்கு விட்டேன். ஏழரை மணிக்கும் வெயில் இருந்தது. நிமலன் பின்சீட்டில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஜரிகைத் துணிக்குள் கையை வைத்தபடி இருந்தான். ஒரே ஒரு தடவை, "ஐ வுட்'வ் பீன் ஃபைன், அம்மா" என்றான்.

அவசரப் பிரிவில் முதல் மேசையில் இருந்த நர்ஸ் கௌரியோடு வேலை செய்தவள்தான். பட்டுச் சேலையையும் தூளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கணினியைத் திறந்தாள். பெயர், பிறந்த தேதி, எந்தக் கை எல்லாம் ஆயிற்று.

"எப்போது அடிபட்டது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நிமலன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தான்.

"டுடே" என்றான்.

நர்ஸ் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். கௌரி கையை நீட்டி அவள் விரல்களை நிறுத்தினாள். அவளும் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். நான் தமிழில் எழுதுகிறேன்.

"இன்றைக்கு இல்லை. கிறிஸ்மஸுக்கு முன்னமே. அம்மாவுக்கு அப்போதே தெரியும். அதையும் சேர்த்து எழுது."